சுத்தமான கதவு

"முதல்ல பேரை எடு சிமியு. ஆளை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கிதின்ஜி.

அவர் முதலாளி. சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலை ஆறே கால்.

லாரி ஈசின்யா ஊரைத் தாண்டி, சின்னப் பாலத்துக்கு முன்னால், சாலையோரச் சுவரில் மூக்கைக் கொடுத்து நின்றது. பின்னால் குளிர்ப்பெட்டி நிறைய ரோஜாப்பூ. முன்னால் டிரைவர் முசெம்பி, இரண்டு காலும் தகரத்துக்குள் சிக்கி உட்கார்ந்திருந்தான்.

அவனேதான் போன் செய்திருக்கிறான். ஆம்புலன்ஸுக்கு அல்ல, முதலாளிக்கு. வண்டிக்கு எது நடந்தாலும் முதலில் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம்.

முதலாளி எனக்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸுக்கு அவரும் செய்யவில்லை.

ஒன்பது மணிக்குப் பூ வாங்கும் ஹாலந்துக்காரர்கள் ஒப்பந்தம் போட வருகிறார்கள். விமான நிலையத்திலிருந்து கம்பெனியின் பூப்பண்ணைக்கு இந்தச் சாலைதான். நசுங்கிய லாரியில் கம்பெனிப் பெயரும், அதற்குக் கீழே 'பத்திரமாகக் கொண்டு சேர்ப்போம்' என்ற வாசகமும் அவர்கள் கண்ணில் படக் கூடாது.

அதை ஒட்டியவன் நான். அந்தக் கம்பெனியின் நாற்பது வண்டிகளுக்கும் எழுத்து ஒட்டுவது, மெருகு போடுவது, வெயிலில் வெளுத்தால் உரித்துப் புதிதாக ஒட்டுவது எல்லாம் என் வேலை. எங்கள் ஊர் கிடெங்கேலாவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நான் ஒட்டினால் ஒரு குமிழ் இருக்காது. நான் உரித்தால் தடயம் இருக்காது.

என்னைப் பார்த்ததும் முசெம்பியின் முகம் தெளிந்தது.

"நீயா அண்ணே? அப்பாடா. ஆம்புலன்ஸு வருதில்ல?"

"வருது, வருது" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஜெனரேட்டரை முடுக்கி, ஹீட் கன்னைக் கையில் எடுத்தேன். சூடு காட்டி, மூலையில் நகத்தைக் கொடுத்து, சாய்வாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழியும், பசை தங்கிவிடும். நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தும் முழுசாக வந்தது. எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது. இப்போது சொல்ல நாக்கூசுகிறது.

பெயர் போயிற்று. வாசகம் போயிற்று. முன்னும் பின்னும் நம்பர் பிளேட்டைக் கழற்றினேன். போலீஸைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கிதின்ஜி சொன்னார்.

"சட்டையிலயும் இருக்குடா" என்றார் பிறகு.

முசெம்பியின் சட்டைப்பையில் கம்பெனிச் சின்னம் தைத்திருந்தது. என் பிளேடால் அந்தப் பையை அறுத்தெடுத்தேன். மூச்சுவிட வசதியாகச் சட்டையைத் தளர்த்துகிறேன் என்று நினைத்திருப்பான். "நல்லாருப்ப அண்ணே" என்றான்.

கடைசியாக மிஞ்சியது அவன் பக்கத்துக் கதவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்பு வட்டம். தனியார் ஆம்புலன்ஸின் ஸ்டிக்கர், நடுவில் கம்பெனியின் உறுப்பினர் எண். அந்த எண்ணைப் பார்த்தால் அவர்கள் மறுகேள்வி கேட்காமல் ஏற்றிக்கொள்வார்கள்.

போன மாதம்தான் ஒட்டினேன். "நேரா ஒட்டு அண்ணே, என் உசுரு அதுலதான் இருக்கு" என்று கேலி செய்துகொண்டே, முசெம்பியும் தன் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிட்டான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கிதின்ஜி தலையை ஆட்டினார்.

உரித்தேன். தின்னர் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்தேன். ஸ்டிக்கரைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதற்குள் பைக் டாக்சிக்காரர்கள் இரண்டு பேர் வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். யாரையும் கேட்காமல் அவர்களே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். பக்கத்தில் இருந்தது, நான் உரித்த ஸ்டிக்கருக்கு உரிய அதே தனியார் ஆம்புலன்ஸ். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

நர்ஸ் பெண் குதித்து இறங்கி முசெம்பியின் நாடியைப் பிடித்தாள். "யாரு வண்டி இது?"

"தெரியலம்மா. நானும் வழியில போனவன்தான்" என்றார் கிதின்ஜி.

முசெம்பி அவரைப் பார்த்தான். பேச வரவில்லை. கையை மெதுவாக ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, கதவைத் தட்டினான். ஒருமுறை. இன்னொருமுறை. சரியாக அந்த இடத்தில்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். விரலால் தடவியும் பார்த்தாள். வெள்ளைத் தகரம், வழுவழுவென்று.

"ஒண்ணுமில்லையே" என்றாள். "தகரத்தை வெட்டித்தான் இவரை எடுக்கணும். நாங்க செய்யணும்னா உறுப்பினர் எண் வேணும். இல்லாட்டி யாராவது பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போடணும். யாரு போடுறீங்க?"

பைக் டாக்சிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். கிதின்ஜி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எண் என் பைக்குள் இருந்தது. பசைப்பக்கம் துணியில் ஒட்டிக்கொண்டிருந்ததை விரல் உணர்ந்தது. நாற்பது வண்டிகளை நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

முசெம்பி இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.

"அரசாங்க வண்டிக்குச் சொல்லிடுறேன்" என்று நர்ஸ் அவன் நெற்றியைத் தொட்டாள். அடுத்த அழைப்பு வந்திருந்தது. ஏறிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் திரும்பியபோது அதன் பக்கவாட்டு எழுத்தைப் பார்த்தேன். கடைசி எழுத்தின் கீழ் ஓரம் தூக்கிக்கொண்டு காற்றில் அடித்தது.

யாரோ அரைகுறையாக ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.