ஜன்னலோர சீட்

செயற்கை நுண்ணறிவை வைத்து மென்பொருள் எழுதும் வித்தை திட்ட மேலாளரான அவளுக்குச் சுட்டுப் போட்டாலும் ஏறவில்லை. தன் குழுவினரிடம் கேட்கக் கௌரவம் விடவில்லை. இணையத்தில் 'மரங்கொத்தி' என்ற முகம் தெரியாத ஆளிடம் கேட்டுக் கேட்டு ஆறு மாதத்தை ஓட்டிவிட்டாள்.

"ஒருத்தரை அனுப்பிட்டு, விஷயம் தெரிஞ்ச ஆளா எடுங்க" என்றார் இயக்குநர்.

"ஜன்னலோரமா இருக்காரே, அவரை அனுப்பிடலாம் சார். மீட்டிங்ல வாயே திறக்கமாட்டார். புதுசா எதுவும் தெரியும்னு தோணல."

கையோடு, தன் பெயரையும் கம்பெனியையும் முதன்முறையாகச் சொல்லி மரங்கொத்திக்கு எழுதினாள்: "எங்க டீம்ல ஜன்னலோர சீட் காலியாகப் போகுது. வர்றீங்களா?"

உடனே பதில் வந்தது.

"அதுலதான் மேடம் உக்காந்திருக்கேன். காலியாகப் போகுதுன்னு இப்பதான் தெரியுது."