சிவப்பா, வெள்ளையா?

"நிப்பாட்டுங்கோ! கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ!" சோபாவின் நுனிக்கே வந்துவிட்டாள் கௌசி.

பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் ரிமோட்டும் கையுமாக இருந்த அவள் கணவன் சுபாஸ்கரனுக்கு வியர்த்தது. நாளைக்கு அவளுக்குத் தேர்வு. தேறினால் கல்லூரி ஃபுட்பாலில் ரீப்ளே நடுவர். வீடியோவைத் திருப்பிப் பார்த்து, மைதானத்து நடுவர் சொன்னது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை.

"வெள்ளைக்குத்தான் வெற்றி எண்டு நடுவர் அப்பவே சொல்லியாச்சு," என்றான்.

"பிழை! எடுத்தது சிவப்பு. வெளியிலை வந்த பிறகுதான் வெள்ளை பறிச்சிருக்கு!"

"சந்தேகம் இருந்தா முதல் தீர்ப்புத்தான் நிக்கும், தெரியுமோ?"

"சந்தேகமே இல்லை. சிவப்புக்குத்தான் வெற்றி!" துள்ளி எழுந்தாள் கௌசி.

திரையில் அவர்களுடைய கல்யாண வீடியோ அசையாமல் நின்றது. சிவப்புக் கூறைப்புடவையில் அவள், வெள்ளைப் பட்டு வேட்டியில் அவன், நடுவில் தண்ணீர்க் குடம். குடத்துக்குள் போட்ட மோதிரம் அவள் விரல்களில் மின்னியது.

"மோதிரம் எடுத்தது நான் எண்டு சொல்லிச் சொல்லியே, எட்டு வருசமா வீட்டிலை உங்கடை சொல்லுத்தானே நடந்தது?" ரிமோட்டைப் பறித்துக்கொண்டு டெலிபோனை அவன் கையில் திணித்தாள். "தீர்ப்பு மாறிப்போச்சு எண்டு அந்த நடுவருக்கு நீங்களே சொல்லுங்கோ!"

சுபாஸ்கரன் எண்களை அழுத்தினான்.

"ஹலோ... அம்மா?"