பிஸ்கட்டைச் சுட்டவன்

"நான்தான் சுட்டேன். வேற சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை."

கேட்டவர்களுக்கெல்லாம் டாரின் இதையேதான் சொன்னான். மாவட்ட அலுவலகமான கவுண்டி ஹாலில் உட்கார இடமில்லை. ஊரே வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தது.

வராமல் என்ன செய்யும்? போலீஸ் உடுப்புப் போட்டவன், எண்பத்தொரு வயது ஆர்விட் கிழவரின் ஆட்டுப் பண்ணைக்குள் நுழைந்து, அவர் வளர்த்த நாயைச் சுட்டிருக்கிறான். பிஸ்கட் யாரையும் கடித்ததில்லை. தபால்காரர் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஊர்வலம் போகிற நாய் அது.

"உன் மேல பாய்ஞ்சுதா?" போலீஸ் தலைவரான ஷெரிப் கேட்டார்.

"இல்லை சார்."

"வெறி புடிச்சிருந்துதா?"

"இல்லை சார்."

"அப்புறம் என்ன எழவுக்குய்யா சுட்டே?"

"நான்தான் சுட்டேன் சார்" என்றான் டாரின் மறுபடியும். கடைசி பெஞ்சில் அவன் மனைவி ஏழு மாத வயிற்றோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்தது எங்க வீட்டுப் பூனையா, இல்ல கோழியா? முன்கூட்டியே சொல்லிட்டு வா, ஒளிச்சு வைக்கிறோம்" என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

கிழவரின் மகள் மார்லிஸ் எழுந்தாள். முப்பது வருஷமாக ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். இந்த டாரினையும் அவள்தான் பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கினாள். கையில் ஊர்க்காரர்கள் போட்ட கையெழுத்துக் காகிதம் கத்தையாக இருந்தது. அத்தனையும் அவளே வீடு வீடாக ஏறி வாங்கியது.

"சுட்டதோட விட்டானா இவன்? நான் வந்து சேர்றதுக்குள்ள குழி தோண்டிப் புதைச்சும் முடிச்சுட்டான். கடைசியா ஒரு தடவை தொட்டுப் பார்க்கக்கூட எனக்குக் குடுத்து வைக்கலை."

தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"எங்க அப்பாவுக்கு ஞாபகம் போயிருச்சு, உங்க எல்லாருக்கும் தெரியும். தினம் காலையில வாசல்ல நின்னு விசில் அடிச்சுக் கூப்பிடுறார். நாய் எங்கேம்மாங்கிறார். போலீஸ்காரன் சுட்டுட்டான்ப்பான்னு தினமும் நான் சொல்றேன். தினமும் வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டித் தீர்த்துட்டுத்தான் காபியைத் தொடறார். இவன் நல்லா இருப்பானா?"

அதற்கு மேல் ஷெரிப்புக்கும் வேறு வழியில்லை.

"பேட்ஜைக் கழட்டி வை, டாரின்."

கழற்றி வைத்தான். ஒரு எதிர்ப்பேச்சு இல்லை. மார்லிஸுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

அவள் வண்டிக் கதவைத் திறக்கும்போது பின்னால் வந்து நின்றான்.

"மேடம், ஒரு நிமிஷம்."

"மன்னிப்பா? உள்ளே அத்தனை பேருக்கு முன்னால கேட்டிருக்கணும். இப்ப வந்து குழையாதே."

"அதில்லை மேடம். அப்பாவோட பிக்கப் வண்டியில, சீட்டுக்குப் பின்னால ரைஃபிள் இருக்கு. அதை எடுத்துப் பூட்டி வச்சிருங்க. குண்டை அன்னைக்கே நான் எடுத்துட்டேன். ஆனா வீட்ல வேற வச்சிருப்பார்."

"ஏன், உன்னைச் சுட்டுருவாரோன்னு பயமா இருக்கா?"

"இதைச் சொல்லத்தான் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தேன். நீங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டீங்க."

"பின்னே, விருந்து வைப்பேன்னு நினைச்சியா?"

டாரின் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஆடு குட்டி போடற மாசம், மேடம்."

மொன்டானாவில் அந்த மாதம் எந்தப் பண்ணைக்காரரும் விடிகாலையில் சும்மா வண்டி எடுப்பதில்லை. ஜன்னலில் துப்பாக்கியைச் சாய்த்துக்கொண்டு பட்டியைச் சுற்றி வருவார்கள். குட்டியைத் தூக்க நரி வரும். கண்ட இடத்தில் சுட்டுவிடுவார்கள். மார்லிஸும் சுட்டிருக்கிறாள்.

"பிஸ்கட் பட்டிக்குள்ள புகுந்து, விழுந்து கிடந்த நஞ்சுக்கொடியைத் தின்னுட்டு வெளியே வந்திருக்கு. வாயெல்லாம் ரத்தம். அந்த நரி நிறத்துக்கும் அரை இருட்டுக்கும்..." அவன் நிறுத்திக்கொண்டான்.

மார்லிஸ் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவா?"

"ரோந்து வந்தப்போ ரோட்டோரமா அவர் வண்டிக் கதவு திறந்து கிடந்துது. என்னடான்னு இறங்கிப் பார்த்தேன். நாயை மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அதுக்கு உயிர் இல்லை."

"அடப்பாவி. வேலை போச்சேடா. உள்ளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடா?"

"காயத்தைப் பார்த்தா ரைஃபிள்னு தெரிஞ்சுரும்னுதான் உடனே புதைச்சேன். ஊர்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் அவர் காதுக்குப் போயிரும் மேடம்."

"போனா என்ன? அவர்தான் எல்லாத்தையும் மறந்துடறாரே."

"அதனாலதான் மேடம். யார் சுட்டதுன்னு என்னைக் கேட்டார். நீங்கதான்னு உண்மையைச் சொன்னேன். முகத்தைப் பொத்திக்கிட்டு அப்படி அழுதார். அஞ்சே நிமிஷம், மறந்துட்டார். மறுபடியும் கேட்டார். சொன்னேன். இப்பத்தான் கேள்விப்படற மாதிரி, முதல்லேருந்து அதே அழுகை. அதுக்கப்புறமும் ஒரு தடவை. மறுபடி கேட்டப்போ என்னால முடியலை. நான்தான்னு சொல்லிட்டேன். உடனே அழுகையை நிறுத்திட்டு என்னைத் திட்ட ஆரம்பிச்சுட்டார்."