முள் இருபதைத் தாண்டவில்லை

"எவன்டா என் இன்ஜினைக் கொன்னவன்?"

துரை போட்ட சத்தம் கார் கொட்டகையைத் தாண்டி தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் கேட்டது. பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏற வேண்டிய சனம் கூடையும் தலையுமாக அங்கேயே நின்றுவிட்டது.

ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. துரையின் கார் இன்ஜினை முழுசாகப் பிரித்து, புதுப் பிஸ்டன், புதுப் பேரிங் போட்டு மாட்டி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. பழகி வரும் வரைக்கும் இருபது மைல் வேகத்துக்கு மேல் போகவே கூடாது என்று துரையின் கட்டளை. டிரைவர் சோலைமலையிடம் தினமும் அதை ஒருமுறை சொன்ன பிறகுதான் அவருக்குக் காலைத் தேத்தண்ணீரே இறங்கும்.

இன்றைக்கு முதல் ஒயில் மாற்றும் நாள். நுவரெலியா டவுனிலிருந்து வந்த கராஜ்காரர் நஜீம், பழைய ஒயிலை இறக்கி வெள்ளைத் துணியில் வடித்துக் காட்டினார்.

துணி முழுக்க மினுமினுவென்று உலோகப் பொடி.

"புதுசா செஞ்ச இன்ஜின் கொஞ்சம் தேயத்தான் செய்யும் தொரை" என்று இழுத்தார் நஜீம். "ஆனா இது கொஞ்சமில்ல. பேரிங்கே அரைபட்டிருக்கு. ஏத்தத்துல வெச்சு ஆரோ நல்லா முடுக்கியிருக்காங்க."

துரை ஒரு துகளை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். அடிபட்ட குழந்தையைத் தொடுகிற மாதிரி அத்தனை பக்குவம்.

பிறகு திரும்பினார்.

"சோலைமலை! அந்தப் பொம்பளையை ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனியே, அன்னைக்குத்தானே பறந்தே?"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

மூக்கனின் பெண்சாதி நாகலெட்சுமிக்குப் போன வாரம் இடுப்பு வலி கண்டபோது, தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. துரை மனசு வைத்துத் தன் காரையே கொடுத்தார். கணக்கப்பிள்ளை செல்லசாமியையும் கூட அனுப்பினார். மூக்கன் பெண்சாதியைத் தாங்கிக்கொண்டு பின்சீட்டில் இருந்தான். ஆனால் வயிற்றுப் பிள்ளை நுவரெலியா ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பொறுக்கவில்லை. கந்தப்பளை மேட்டில், காருக்குள்ளேயே பிறந்தது. அழவில்லை.

கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் செய்தி வந்ததிலிருந்து, லயத்தில் சோலைமலையோடு யாருக்கும் பேச்சில்லை. கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு அவன் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள்.

"வாயைத் தொறக்குறானா பாரு!" துரை துணியைச் சுருட்டி எறிந்தார். "கூலிக்காரப் பொம்பளைக்காக என் இன்ஜினை ஒடைச்சுட்டே. உனக்கு வேலை போச்சு, பத்துச்சீட்டை வாங்கிக்கோ. இன்னைக்கே லயத்தைக் காலி பண்ணு!"

"ஆத்தாடி! இவனா பறந்தான்?" கூட்டத்துக்குள்ளிருந்து அம்மாக்கண்ணு வெடித்தாள். "நடந்து போறவளே முந்திப் போயிருப்பாளே! ஆமை மாரி ஊர்ந்து ஊர்ந்துதானே ஒரு உசுர முழுங்குனான்!"

துரை கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினார். "செல்லசாமி! ஸ்பீடு முள்ளைப் பார்த்துக்கிட்டே போன்னு சொல்லித்தானே உன்னை முன்சீட்ல ஏத்தினேன்?"

செல்லசாமிக்கு வேர்த்துவிட்டது. தன் வேலைக்கும் வேட்டு வந்துவிடும் போலிருந்தது.

"சத்தியமா பாத்தேங்க தொரை! வழி முச்சூடும் முள்ளத்தாங்க பாத்துக்கிட்டு வந்தேன். இவன் ரெண்டு மூணு தரம் மிதிக்கப் பாத்தான். விடுவனா? தொடையில தட்டித் தட்டி அடக்கினேங்க. கத்துனா கத்தட்டும், நீ மெதுவாப் போடான்னேன். முள்ளு இருபதத் தாண்டவே இல்லிங்க!"

சொல்லி முடித்தபோது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூக்கன் முன்னால் வந்தான்.

"அதுக்குத்தான் வந்தீங்களா, ஐயா?"

செல்லசாமி துரையின் பின்னால் ஒதுங்கப் பார்த்தார்.

"மெதுவாப் போடா, மெதுவாப் போடான்னீங்களே... வண்டி குலுங்குனா புள்ளத்தாச்சிக்கு ஆகாதேன்னுல்ல சொல்றீங்கன்னு நெனச்சேன். பாவி நான், ஆஸ்பத்திரி வாசல்ல ஒங்க கால்ல விழுந்து கும்பிட்டேனேய்யா!"

அம்மாக்கண்ணு தலைக்கூடையை இறக்கி வைத்தாள். அத்தனை நாளைக்கப்புறம் அன்றுதான் சோலைமலையின் முகத்தை நேராகப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போதும், போதும்!" துரைக்குப் பொறுமை போய்விட்டது. "அழுகிறது எல்லாம் லயத்துல வெச்சுக்கோங்க. எனக்கு என் இன்ஜின் கதை தெரியணும். சோலைமலை, அன்னைக்கு இல்லேன்னா வேற என்னைக்கு முடுக்கினே? எவன் குடுத்த தைரியம்?"

சோலைமலை மெல்ல நிமிர்ந்தான்.

"மறுநாளுங்க, தொரை. அதே கந்தப்பளை மேட்டுலதான் மிதிச்சேன். பங்களா விருந்துக்கு டவுன்லேருந்து ஐஸ் கட்டி ஏத்திட்டு வந்தேன். கரையறதுக்குள்ள வந்து சேருடான்னு நீங்கதாங்க சொன்னீங்க."