மூன்று விசில்

மணி நாலு அடித்ததும் போன் அலறியது.

"வந்துட்டார்யா லிஃப்ட்காரர்!" தலையில் அடித்துக்கொண்டாள் ஜெப அக்கா.

சபையின் ஜெப உதவி போன் ரெண்டு வருஷமாக அவள் வீட்டில்தான் இருக்கிறது. கஷ்டப்படுகிறவர்கள் கூப்பிட்டால், கேட்டு, அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும். அக்கா ஜெபித்தால் கல்லும் கரையும் என்று சபையில் பேச்சு.

ஆனால் ஒரு நாளைக்கு இருபது பேர். மனுஷி எத்தனை தரம்தான் உருகுவாள்?

அதனால் ஒரே தரம் நன்றாக உருகி, புருஷனின் பழைய போனில் பதிந்து வைத்துக்கொண்டாள். அழைப்பு வந்தால் "சொல்லுங்க" என்பாள். பழைய போனைத் தட்டிவிடுவாள். ரெண்டையும் வாயும் காதுமாக அலமாரியில் படுக்க வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள்.

இந்த லிஃப்ட்காரர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். சம்சாரத்துக்கு உடம்பு முடியவில்லை என்று முதல் நாள் அழுதது மட்டும் ஞாபகம். பின்னாலேயே அந்த லிஃப்ட் மணி கேட்கும். 'டி... டிங்' என்று விக்கல் எடுத்த மாதிரி.

பதிவு முடிந்தாலும் மனுஷர் போனை வைக்க மாட்டார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். துணி மடித்துவிட்டு வந்து அக்காதான் கட் பண்ணுவாள்.

மறுநாள் மத்தியானம் அவள் மகளுக்குத் திடீரென்று வலி எடுத்தது. எட்டாம் மாசம்தான்.

ஓடுகிற ஓட்டத்தில் ரெண்டு போனையும் பக்கத்து வீட்டு டெய்லரம்மாவிடம் கொடுத்தாள். "இதைத் தட்டிவிட்டாப் போதும்டி. நாலு மணிக்கு ஒருத்தர் கூப்பிடுவார். அவர்கிட்ட வாயே திறக்காதே, விடிய விடியப் பேசுவார்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ரெண்டு உயிருமே இழுபறியா இருக்கும்மா. வேண்டிக்கோங்க."

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது. நீளமான வராண்டாவில் ஈ காக்கை இல்லை.

அக்கா கண்ணை மூடினாள். வாயைத் திறந்தாள்.

"கர்த்தாவே, இந்தப் பிள்ளையைக் கண்ணோக்கிப் பாரும்..."

சட்டென்று நிறுத்தினாள். இது பதிவில் இருப்பதாச்சே! மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அதே வார்த்தை, அதே இழுவை, அதே இடத்தில் அதே விம்மல். பெற்ற மகள் பேரைச் சொல்லத்தான் பார்க்கிறாள். நாக்கு 'இந்தப் பிள்ளை' என்றுதான் சொல்கிறது. அவள் தொண்டையை வேறு யாரோ தட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

பயந்து போனாள். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

'டி... டிங்.'

போனில் கேட்ட அதே விக்கல் மணி! மணி பார்த்தாள். சரியாக நாலு.

லிஃப்ட் திறந்தது. நரைத்த தலையோடு ஒருத்தர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இப்படி வெளிறிப் போயிருக்கீங்க?"

"உள்ளே என் பொண்ணு... யாராவது ஜெபம் பண்ணணும். எனக்கு வரமாட்டேங்குது. என் சொந்தப் போன்ல சார்ஜும் இல்ல."

"அதுக்கென்ன, நானே கூப்பிடற நேரம்தான்." சபையின் ஜெப நம்பரைத் தட்டி, போனை அவளிடம் கொடுத்தார்.

மணி போனது. எடுத்தார்கள்.

"அடியே, என் பொண்ணு..."

'சொல்லுங்க' கூட வரவில்லை. 'டக்'கென்று ஒரு சத்தம்.

"கர்த்தாவே, இந்தப் பிள்ளையைக் கண்ணோக்கிப் பாரும்..."

அவளுடைய குரல். பின்னால், பதிவோடு சேர்ந்துபோன அவளுடைய குக்கர், ஒரு விசில்.

"நான்தான்டி பேசறேன்! கேளுடி!"

அந்தக் குரல் அதைக் காதில் வாங்கவில்லை. தன்பாட்டுக்கு விம்மியது. ரெண்டாவது விசில். தான் செத்துப்போய், குரல் மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறதோ என்று நினைத்தாள்.

"மூணாவது விசிலோட ஆமென் வந்துரும்மா," என்றார் லிஃப்ட்காரர்.

விசில் வந்தது. ஆமென் வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

"உங்களுக்கு... இது பதிவுன்னு தெரியுமா?"

"ரெண்டாம் நாளே தெரியும். தினமுமா ஒரே இடத்துல விசிலடிக்கும்?" சிரித்தார். பிறகு அவளையே உற்றுப் பார்த்தார். குரலை அடையாளம் கண்டுகொண்டார் என்று அக்காவுக்குப் புரிந்தது. தலை தானாகக் குனிந்தது.

"உங்க சம்சாரம் எப்படி இருக்காங்க?"

"அவ போய் எட்டு மாசமாச்சும்மா. அன்னைக்கே சொன்னேன். கேட்கத்தான் ஆளில்லை."

எட்டு மாசம்! தினமும் அவர் கூப்பிட்டிருக்கிறார். தினமும் அவள் தட்டிவிட்டிருக்கிறாள். விதைத்ததுதானே முளைக்கும்? மூடிய கதவைப் பார்த்து ஓவென்று அழுதாள்.

அந்த அழுகைக்கு மேலே இன்னொரு அழுகை கேட்டது. கதவு திறந்தது.

"பொண்ணு பிழைச்சுக்கிட்டா. பேத்தியும் நல்லா இருக்கு. எப்படின்னு டாக்டருக்கே புரியலை," என்றாள் நர்ஸ்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பினாள். லிஃப்ட்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்தப் போனார்.

"ஐயா, ஒரு நிமிஷம்! சம்சாரமும் இல்ல, கேட்கறதும் மெஷின்னு தெரியும். அப்புறம் எதுக்குத் தினமும் கூப்பிட்டீங்க?"

"ஊருக்கெல்லாம் ஜெபம் பண்றவங்க, பாவம், என்ன கஷ்டத்துல இப்படிப் பதிஞ்சு வெச்சுட்டுப் போறாங்களோன்னு, ஆமெனுக்கு அப்புறம் உங்க வீட்டுக்காக நான் ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்மா."