கடல்நீரில் கரைத்த நீலம்

கடலைக் கடல்நீரைக் கொண்டுதான் வரைய வேண்டும் என்று ஓவியர் அறிவித்தார். குழாய்த் தண்ணீரில் வரைந்த கடல் வெறும் குளம்.

மணலில் நின்ற கலைக்குழுவினர் நால்வரும் பக்தியோடு தலையசைத்தார்கள்.

இந்தத் தத்துவத்துக்குக் காரணம் ஒரு தண்ணீர் பாட்டில். பல வருஷங்களுக்கு முன் ஓவியர் அதைச் சமையல் மேடையிலேயே மறந்து வைத்துவிட்டுக் கடற்கரைக்கு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் குவளையைக் கடலில் முக்கி எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு நிருபர் வந்து, ஏன் கடல்நீர் என்று கேட்டுத் தொலைத்தார்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல ஓவியருக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து அவர் 'கடல்நீர் ஓவியர்'. ஏறிய பட்டத்தை இறக்கி வைக்க முடியவில்லை. படத்துக்குப் படம் வழுக்குப் பாறைகளில் இறங்கி நீர் மொண்டதில் குதிகால் போயிற்று. டாக்டர், பாறைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி ஒரு கைவைத்தியமும் சொல்லி அனுப்பினார்.

அதன்பின் தண்ணீர் கொண்டுவருவது மனைவியின் வேலையாயிற்று. எந்தத் தண்ணீர் என்று அவர் கேட்டதில்லை. வீட்டுக் குழாய்த் தண்ணீர் என்று அவளும் சொன்னதில்லை. நல்ல தாம்பத்தியத்தில் சில கேள்விகளைத் தொடாமல் விட்டுவிடுவது வழக்கம்.

இன்று குழுவுக்குப் பிடித்துப்போனால் பெரிய கூடத்தில் தனிக் கண்காட்சி. இதுநாள்வரை அவர் படங்கள் கூட்டத்தோடு கூட்டமாக, கழிப்பறைக்குப் போகும் நடையில்தான் தொங்கியிருக்கின்றன.

பலகையில் ஒட்டிய தாளை நனைத்தார். நீலத்தையும் பழுப்பையும் கலந்து மேலிருந்து கீழே இழுத்தார். வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி ஈரம் பார்த்துக்கொண்டது. ஒரு படகுக்காகக் கொஞ்சம் வெள்ளைத் தாளை விட்டுவைத்தார். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

குழுத் தலைவர் படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறவர். இப்போதும் மூடியபடியே குனிந்து, தண்ணீர்க் குவளையில் விரலை விட்டு, அதை வாயில் வைத்தார்.

ஓவியரின் கை நின்றது. பிரஷ் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து, வானத்தில் யாரும் கேட்காத ஒரு மேகம் பூத்தது. நீர்வண்ணத்தில் விழுந்தது விழுந்ததுதான்.

கூடம் போச்சு, பட்டமும் போச்சு என்று மனைவியைப் பார்த்தார். அவள் குடைநிழலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு," என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமலே. "சாட்சாத் கடல்."

தலைவர் சுவைத்ததை மற்றவர்கள் சுவைக்காமல் இருக்க முடியுமா? வரிசையாக விரலை நனைத்தார்கள். ஒருவருக்கு ஆழம் தெரிந்தது. இன்னொருவர் இரண்டு முறை நக்கிப் பார்த்து, உப்புக்கு அடியில் ஒரு மனிதத் துயரம் இருக்கிறது என்றார். கேட்காத மேகம்தான் படத்தின் உயிர் என்பதில் நால்வருக்கும் கருத்து வேறுபாடில்லை. கூடம் அங்கேயே முடிவாயிற்று.

அவர்கள் கார் ஏறியதும் ஓவியர் நொண்டிக்கொண்டே குடையடிக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்காக இந்த வயதில் வழுக்குப் பாறையில் இறங்கினாயா என்று, பட்டாணித் தோலோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை அவர் பிடித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் பொய்யும் சொல்லவில்லை.

"பாறையா? நான் எதுக்குங்க அங்கல்லாம் இறங்குறேன்? காலையில உங்க வைத்தியத்தோட தொட்டி காலி. மோட்டாரும் ஓடல. பிரஷ் நனைக்கத்தானேன்னு, இருந்ததை வடிகட்டி எடுத்துட்டு வந்தேன்."

அன்று வீட்டில் இருந்த ஒரே தண்ணீர், காலையில் அவர் கல்லுப்புப் போட்டுக் குதிகாலை ஊறவைத்ததுதான்.