கிராணி வீட்டு அச்சாரம்

"இன்னைக்கும் குறை சொல்லிட்டுத்தான் வந்தீங்களா?"

சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்த, ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் இராஜமாணிக்கத்தைப் பார்த்து அவர் மனைவி தாயம்மா கேட்டாள். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கோலா கிளாவாங் மேட்டில் ஏறி இறங்கி வந்திருந்தார்.

"குறை இருந்தா சொல்லத்தானே வேணும்? கூரைத் தகரம் ஓட்டை. சமையல்கட்டு திசை சரியில்ல. கிணத்துத் தண்ணி வேற உப்புக் கரிக்குது."

"மலை மேல இருக்கிற கிணறு உப்புக் கரிக்குதா?"

மண்டோர் முகம் கழுவப் போய்விட்டார்.

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்ததிலிருந்து அந்தச் சின்ன மலைப் பட்டணத்தில் வீடுகளுக்கு விலையே இல்லை. கடைகள் மூடிக் கிடந்தன. கிழங்கு நட மண் தேடி ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நல்ல பலகை வீட்டை ஒரு மூட்டை அரிசிக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

மண்டோர் விலை பேசிக்கொண்டிருந்தது தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய பெரிய கிராணி சிவசிதம்பரத்தின் வீட்டை. யாழ்ப்பாணத்துக்காரர். வேலை விட்ட பிறகு இருக்கவென்று ஆசையாகக் கட்டிய வீடு. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, கணக்கெழுத அவரையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அப்புறம் சேதியே இல்லை. அவர் மனைவி பராசக்தி இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியாக இருந்தாள். வயிற்றுப்பாட்டுக்கு வீட்டை விற்கப்போவதாக அவளே சொல்லிவிட்டிருந்தாள்.

"அது சரி, வாரா வாரம் ஒரு சாக்கு மரவள்ளி, கீரை, முட்டைன்னு கட்டிக்கிட்டுப் போறீங்களே, அது எதுக்கு?" தாயம்மா விடவில்லை.

"அச்சாரம். அது அங்க இருக்கிற வரைக்கும் வேற யாருக்கும் விக்க மாட்டாங்க. இல்லேன்னா தரகர் கணேசமூர்த்தி தட்டிக்கிட்டுப் போயிருவான்."

"அப்போ பேசி முடிங்களேன்."

"எங்க முடியுது? ஊரெல்லாம் விலை இறங்குது, கிராணியம்மா மட்டும் வாரத்துக்கு ஒரு பவுன் ஏத்துது."

தாயம்மாவுக்கு மனசு ஆறவில்லை. குழாயடியில் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"ஆம்பளை இல்லாத வீடு. மண்டோரு வீட்டைக் கிழங்குக்கே முடிச்சிருவாரு போல."

"பெரிய கிராணி நாற்காலியில உக்காந்து பாக்கணும்னு ஆசையா இருக்கும்லா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். அதுதான் அதிகமாகச் சுட்டது.

வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டாள். தன் காப்பையும் சங்கிலியையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கணவனிடம் சொல்லாமல் மாட்டு வண்டி ஏறிப் பட்டணம் போனாள்.

"வாங்கோ தாயம்மா, இருங்கோ. மண்டோருக்குச் சுகமில்லையோ?" பராசக்தி பதறிப்போய்க் கேட்டாள்.

"நல்லா இருக்காரு, கிராணியம்மா. நான்தான் பேசி முடிக்கலாம்னு வந்தேன். அவரு சொல்ற குறையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்கிறோம்." முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

பராசக்தியின் முகம் வாடிப்போயிற்று.

"நான் இன்னும் ஒரு பவுன் கூட்டலாமெண்டு இருந்தனான்."

"கூட்டிக்குங்க. மிச்சத்தைப் பின்னால தரேன்."

"கூரை ஒழுகுது எண்டு மண்டோர் சொன்னவர்."

"ஒழுகாத கூரை எந்த வீட்டுல இருக்கு?"

"கிணத்துத் தண்ணியும் உப்பாம்."

"வரும்போதே கிணத்தடியில குடிச்சேன். கல்கண்டு மாதிரி இருக்கு."

பராசக்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் இரண்டும் அவித்த கிழங்கைத் தின்றுகொண்டிருந்தன. நகைகளைத் தாயம்மாவின் பக்கமே தள்ளிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முதல்ல மண்டோர் சும்மாதான் கொண்டு வந்தவர். நாங்கள் வாங்கித் தின்னுற ஆக்கள் இல்லை எண்டு திருப்பி அனுப்பினனான். அடுத்த கிழமை அதே சாக்கோட வந்து, வீடு எனக்கு வேணும், இது அச்சாரம் எண்டார்."

தாயம்மா உள்ளே கிழங்கு தின்னும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் ஒரு குறை சொல்லுவார். நான் ஒரு பவுன் ஏத்துவன். இப்பிடியே போகுது. இப்ப நீங்கள் வந்து முடிச்சுப்போட்டா, வாற கிழமை பிள்ளையளுக்குக் கிழங்கு எப்பிடி வரும்? சயாமில இருந்து இவர் வரேக்க வீடு எங்க இருக்கும்?"

"அவருக்குத் தெரியுமா, உங்களுக்குப் புரிஞ்சுபோச்சுன்னு?"

"ஐயோ, தெரியாது. தெரிஞ்சா நான் எந்த முகத்தோட அந்தச் சாக்கை வாங்குறது? சொல்லிப்போடாதேங்கோ."

தாயம்மா நகைகளை மறுபடி முடிந்துகொண்டு எழுந்தாள். வேலியோரம் தரகர் கணேசமூர்த்தி நின்றுகொண்டிருந்தான்.

"என்னம்மா, முடிஞ்சுதா? உங்களுக்கு ஒத்து வரலேன்னா சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

வெள்ளிக்கிழமையில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத தாயம்மா, ஒருதரம் கண்ணை மூடி ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பிறகு, உள்ளே இருக்கும் பராசக்திக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"எங்கப்பா முடியுது? பேராசை பிடிச்ச பொம்பளை. கிழங்கு அச்சாரம் பத்தாதாம். அடுத்த வாரத்திலேருந்து கோழியும் சேர்த்துக் கொண்டாரணுமாம்."